குருதி அமுக்கம்: ஊர் திரும்பும்வரை காத்திராத நோய்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "பிறஷர் இருக்குது பாதர். அது யோசனையாலை வந்தது. ஊருக்குப் போனால் தன்பாட்டிலை நிண்டிடும்." இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் தோட்டம் செய்தும் வயல் விதைத்தும் வாழ்ந்த மக்கள். 1990 யூனில் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியவர்கள், 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்டவர்கள், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக அலைந்தவர்கள் எல்லோரும் இவர்களுள் அடங்குவர். சிலருடைய காணி திரும்பக் கிடைத்துவிட்டது. சிலருடைய காணி இன்னும் முட்கம்பிக்கு அப்பால் கிடக்கிறது. வேறு சிலர் பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் முன்னிட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஊர் திரும்பும் நம்பிக்கையை எவரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை நம்பிக் குளிசையை நிறுத்தியவர்கள் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். உழைக்கும் ஒருவர் விழுந்தால், ஏற்கெனவே நிலமிழந்த குடும்பம் இரண்டாம் முறை இடம்பெயர்ந்தது போலாகிவிடுகிறது. ஆகவே குருதி அமுக்கம் என்றால் என்ன, உடல் அதை எவ்வாறு நடத்துகிறது, அது ஏன் தானாக இறங்குவதில்லை, மருந்து என்ன செய்கிறது என்பவற்றை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. அமுக்கம் என்றால் என்ன?

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதை விளக்குவது இலகு. மெசினைக் கூட்டிவிட்டால் குழாயில் தண்ணீர் வேகமாகப் பாயும். மெசினைக் கூட்டாமலே குழாயின் வாயை விரலால் நெருக்கினாலும் உள்ளே அமுக்கம் ஏறும்; தண்ணீர் தூரத்துக்குப் பீச்சும். ஆக, அமுக்கம் இரண்டு காரியங்களில் தங்கியுள்ளது: எவ்வளவு தள்ளப்படுகிறது, வழி எவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது.

எமது உடலில் மெசின் இதயம். அது ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியைத் தள்ளுகிறது. குழாய்கள் நாடிகள். பெரிய நாடிகள் கிளைவிட்டுக் கிளைவிட்டு, கடைசியில் மயிரளவான சிறு நாடிகளாகின்றன. இச்சிறு நாடிகளின் சுவரில் தசை உண்டு. அது இறுகினால் வழி ஒடுங்கும். தளர்ந்தால் வழி விரியும்.

வைத்தியர் துண்டில் 120/80 என்று எழுதும்போது, மேலேயுள்ள எண் இதயம் சுருங்கித் தள்ளும் நேரத்து அமுக்கத்தையும், கீழேயுள்ள எண் இதயம் ஓயும் நேரத்து அமுக்கத்தையும் குறிக்கும். முன்பு இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் அளந்தபடியால் இவற்றை மில்லிமீற்றர் இரசம் என்பர். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேலெண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழெண் 90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது உயர் குருதி அமுக்கம். இரண்டில் ஒன்று உயர்ந்தாலே போதும்.

இந்த அளவீட்டின் வரலாறு மிக நீண்டதல்ல. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் குருவானவர் ஒரு குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, குருதி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்து 1733 இல் எழுதினார். கையில் பட்டி கட்டி ஊதும் கருவியை 1896 இல் இத்தாலியரான ரீவா ரொச்சி செய்தார். பட்டிக்குக் கீழே குழல் வைத்துச் சத்தம் கேட்டு அளக்கும் முறையை 1905 இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கோவ் கண்டார். இன்றும் கிளினிக்கில் இம்முறை கையாளப்படுகிறது.

2. உடல் அமுக்கத்தை நடத்தும் விதம்

படுத்திருப்பவர் சடுதியாக எழுந்தால் குருதி காலுக்கு இறங்கும். அப்படியே விட்டால் மூளைக்குக் குருதி போதாமல் ஒவ்வொரு தடவையும் மயங்கி விழுவோம். அப்படி விழாமல் நிற்பதற்கு உடலில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, விரைவான ஏற்பாடு. கழுத்தின் இருபக்கமும் உள்ள பெரிய நாடிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் காவற்காரர் போன்ற நரம்பு முனைகள் உள்ளன. நாடியின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை இவை கணத்துக்குக் கணம் மூளையின் அடிப்பகுதிக்கு அறிவிக்கின்றன. அமுக்கம் இறங்கினால் மூளை இதயத்தை விரைவாக அடிக்கச் சொல்லும். சிறு நாடிகளை இறுக்கும். அமுக்கம் ஏறினால் இரண்டையும் தளர்த்தும். இவை எல்லாம் ஓரிரு நொடிகளில் நடந்துவிடும். தண்ணி மாறுபவர் சத்தம் வைக்க, மெசினடியில் நிற்பவர் கூட்டுவதும் குறைப்பதும் போன்றது இது.

இரண்டாவது, மெதுவான, ஆனால் பலம் கூடிய ஏற்பாடு. அது சிறுநீரகங்களின் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் குளத்து நீர் மட்டம் ஏறினால் வான் பாயும். மிஞ்சிய நீர் வெளியேற மட்டம் தானாக இறங்கும். சிறுநீரகமும் அப்படியே. அமுக்கம் ஏறினால் அது உப்பையும் நீரையும் கூடுதலாகச் சிறுநீரில் விடும். குழாய்களில் உள்ள நீரின் அளவு குறைய அமுக்கம் இறங்கும். அமுக்கம் தாழ்ந்தால் சிறுநீரகம் றெனின் என்னும் பொருளைக் குருதியில் விடும். அதன் விளைவாக அஞ்சியோரென்சின் என்னும் ஓமோன் உண்டாகிறது. அது சிறு நாடிகளை இறுக்குகிறது. உப்பை வெளியே விடாமல் மறிக்கச் செய்கிறது. வயிற்றோட்டத்தில் நீர் இழந்தவரையும், காயப்பட்டுக் குருதி இழந்தவரையும் உயிரோடு வைத்திருப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

3. எங்கே பிழைக்கிறது?

இவ்வளவு காவல் இருந்தும் அமுக்கம் ஏன் ஏறி நிற்கிறது? பெரும்பாலானவர்களில் ஒரே ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, உடற்பருமன், மது, உடலுழைப்புக் குறைவு எல்லாம் பல வருடங்களாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. சிலரில் மாத்திரம் சிறுநீரக நோய் அல்லது ஓமோன் சுரப்பியின் நோய் அடிக்காரணமாக இருக்கும்.

இப்பாடத்தில் முக்கியமாக மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: உயர்ந்த அமுக்கம் நீடித்தால் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. கழுத்திலுள்ள காவற்காரர்கள் சில நாட்களிலேயே அந்த உயர்ந்த அளவைச் சரியான அளவென்று ஏற்றுக்கொள்கிறார்கள். சிறுநீரகமும் முன்னர் 120 இல் வெளியேற்றிய அதே உப்பை வெளியேற்ற இப்போது 150 அல்லது 160 கேட்கிறது. வான்கட்டை உயர்த்திக் கட்டிய குளத்தைப் போல, மட்டம் உயர்ந்தாலொழிய நீர் பாயாது. சிறு நாடிகளின் சுவரும் காலப்போக்கில் தடித்து, ஒடுங்கியபடியே நிற்கிறது. இப்படிப்பட்ட உடல் உயர்ந்த அமுக்கத்தைத் தன் வழமையாகக் காக்கத் தொடங்கும்.

எனவே யோசனை தீர்ந்தால் பிறஷர் தீரும் என்பது முழு உண்மையல்ல. பயமும் கோபமும் அதிரனலீனைச் சுரக்கச் செய்து அமுக்கத்தைச் சற்று நேரம் ஏற்றும் என்பது மெய். நீண்ட கவலை நித்திரையைக் கெடுக்கும், குடிக்கும் சிகரட்டுக்கும் இழுத்துச் செல்லும், அதனாலும் தீங்குண்டு. மனத்துயரம் தன்னளவில் கவனிக்கப்பட வேண்டியது. ஆனால் பல வருடங்களாகத் தடித்த நாடிச் சுவர் காணி விடுவிக்கப்பட்ட செய்தி கேட்டு மெலிந்துவிடாது.

4. வலிக்காத நோய்

உயர் அமுக்கம் பெரும்பாலும் எவ்வித வருத்தமும் காட்டாது. தலையிடி வரும்போது மட்டும் குளிசை போடுவோர் பலர். 170 இல் நிற்பவருக்குத் தலையிடியே இல்லாதிருக்கலாம்; தலையிடிப்பவருக்கு அமுக்கம் சரியாக இருக்கலாம். அளந்து பார்ப்பதே அறியும் வழி.

வெளியே தெரியாமல் உள்ளே நடப்பது வேறு. மூளையில் நாடி வெடித்தால் அல்லது அடைத்தால் பாரிசவாதம். கூடிய பாரத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தசை தடித்துப் பின்னர் களைத்துவிடுகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகள் பழுதடைகின்றன. கண்ணின் பின்திரையில் குருதி கசிகிறது.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற் 1945 ஏப்ரல் 12 இல் மூளையில் குருதி பெருகி இறந்தார். அன்று அவருடைய அமுக்கம் 300/190. அந்த நாட்டின் மிகச் சிறந்த வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தும் அக்காலத்தில் கொடுப்பதற்குத் தகுந்த மருந்து இருக்கவில்லை. அன்று அவருக்குக் கிடைக்காத மருந்து இன்று எமது அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும், உயர் அமுக்கம் உள்ள ஐவரில் நால்வருக்குப் போதிய சிகிச்சை கிடைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

5. உப்பும் மாறிப்போன வாழ்க்கையும்

ஊரில் விடியற்காலையில் மண்வெட்டி பிடித்தவர் இங்கே கடையில் காசு வாங்கும் மேசையிலோ காவற்காரரின் கதிரையிலோ நாள் முழுவதும் இருக்கிறார். ஊரில் முருங்கையிலையும் கீரையும் குரக்கனும் வேலிக்குள்ளேயே கிடைத்தன. இங்கே ஓர் அறையில் ஐந்து பேர். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பாணும் சம்பலும், கடைக் கொத்துரொட்டி, கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய் என்று சாப்பாடு மாறிவிட்டது. இவை எல்லாவற்றிலும் உப்பு உண்டு. பாணிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. அது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி. சமையலில் போடுவது, சாப்பாட்டில் மறைந்திருப்பது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஆனையிறவு உப்பாயினும் அம்பாந்தோட்டை உப்பாயினும் கணக்கு ஒன்றே.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரைச் சேர்த்துச் செய்த ஓர் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. பாதிக் கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதிலாக, கால்பங்கு பொற்றாசியம் குளோரைட் கலந்த உப்புக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்களில் அக்கிராமங்களில் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொற்றாசியத்தைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இத்தகைய உப்பைத் தொடக்கூடாது.

கொழும்பிலே செய்யக்கூடியவை: சோற்றுக்கு உப்புப் போடாமல் சமைத்தல். கருவாட்டை நன்றாக ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமைத்தல். ஆயினும் அதைத் தினமும் உண்ணாதிருத்தல். கறியில் தேசிக்காய்ப் புளியையும் மிளகையும் கூட்டி உப்பைக் குறைத்தல். சந்தையில் மலிவான கீரையை நாள்தோறும் வாங்குதல். மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கமாக அரை மணித்தியாலம் கைவீசி நடத்தல். புகைப்பதையும் குடியையும் விடுதல். அமுக்கம் சற்றே உயர்ந்தவர்களுக்குச் சிலவேளைகளில் இவையே போதுமாகலாம். மற்றவர்களுக்கு இவற்றோடு குளிசையும் வேண்டும்.

6. மருந்து என்ன செய்கிறது?

மெசின், குழாய், குளம் என்ற மூன்றையும் நினைவில் வைத்தால் மருந்துகளை விளங்கிக்கொள்ளலாம்.

குளத்து வானைத் தாழ்த்துபவை: ஹைட்ரோகுளோரோதயசைட் போன்றவை. சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியேற்றச் செய்யும். முதல் நாட்களில் சலம் கூடுதலாகப் போகும். ஆகையால் காலையில் எடுப்பது வசதி.

குழாயை விரிப்பவை: அம்லோடிபின் போன்றவை. சிறு நாடித் தசையைத் தளர்த்தும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும்.

சிறுநீரகத்தின் இறுக்கும் கட்டளையை மறிப்பவை: எனலாப்ரில், லோசார்ட்டன் போன்றவை. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அப்போது வைத்தியர் லோசார்ட்டனுக்கு மாற்றுவார். கர்ப்பிணிகளுக்கு இவ்வகை ஆகாது. குழந்தை தங்கியது தெரிந்தவுடன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மெசினை மெதுவாக்குபவை: அத்தனலோல் போன்றவை. தொய்வு நோயாளர்களுக்குப் பொருந்தாது. இவற்றைச் சடுதியாக நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

இம்மருந்துகளுள் சிலவற்றின் கதை எமது மண்ணுக்கு அந்நியமல்ல. சர்ப்பகந்தி வேர் அமுக்கத்தைக் குறைப்பதை பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் எடுத்துக்காட்டினார். அதிலிருந்து பிரித்தெடுத்த றெசர்ப்பின் பல வருடங்கள் உலகெங்கும் கொடுக்கப்பட்டது. மனச்சோர்வு உண்டாக்குவது முதலிய காரணங்களால் இன்று அது அருகிவிட்டது. எனவே வேரை வாங்கித் தாமாக அவித்துக் குடிப்பது நல்லதல்ல. எனலாப்ரில் வகையின் மூத்த மருந்தான கப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாக உருவாகி 1981 இல் பாவனைக்கு வந்தது.

இலங்கையிலும் ஒரு முக்கியமான பரிசோதனை நடந்தது. களனிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் வெளிநாட்டு ஆய்வாளரும் சேர்ந்து, 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளரை இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதிக்கு வழமையான சிகிச்சை. மறுபகுதிக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசை. ஆறு மாதத்தின் பின் வழமையான சிகிச்சையில் 55 வீதமானோர் வேண்டிய அளவுக்கு இறங்கினர்; ஒரே குளிசை எடுத்தோரில் 70 வீதமானோர் இறங்கினர். பக்கவிளைவால் மருந்தை விட்டோர் இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவினர். 2018 இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் கவனிக்கப்பட்டது. ஒரு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதிலும், சிலவற்றைச் சிறிதளவில் சேர்ப்பது பலருக்குப் பயன் தரும் என்பதை இது காட்டியது. ஆகவே வைத்தியர் இரண்டாவது குளிசை எழுதினால் "எனக்கு வருத்தம் முற்றிவிட்டது" என்று கலங்க வேண்டாம்.

குளிசை உடலின் பழைய பழக்கத்தை மாற்றிவிடுவதில்லை. ஒவ்வொரு நாளும் அதை எதிர்த்து நிற்கிறது. நிறுத்தினால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ உடல் தன் உயர்ந்த அளவுக்குத் திரும்பிவிடும். கிளினிக்கில் 130/80 என்று சொன்னால் மருந்து வேலை செய்கிறது என்பதே பொருள். மருந்தைக் குறைப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

7. இடம் மாறும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

அளத்தல்: அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் தொடங்கப்பட்டன. 35 வயதைக் கடந்தவர்கள் வருத்தம் இல்லாவிட்டாலும் போய் அளந்துகொள்ளலாம். அளப்பதற்கு முன் அரை மணித்தியாலம் தேநீர், சிகரட் வேண்டாம். சலம் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, கையை இதய மட்டத்தில் மேசையில் வைத்து அளக்க வேண்டும்.

கிளினிக்: கொட்டாஞ்சேனையில் உள்ளவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தையில் உள்ளவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் உள்ளன. சிங்களம் தெரியாது என்று தயங்குவோர், மொழி தெரிந்த பிள்ளையையோ அயலவரையோ கூட்டிச் செல்லலாம்.

கிளினிக் கொப்பி: அடையாள அட்டையும் காணி உறுதியும் வைத்திருக்கும் அதே பொலித்தீன் உறைக்குள் கிளினிக் கொப்பியையும் வையுங்கள். எழும்பு என்றால் எழும்ப வேண்டிவரும் காலங்களை எமது மக்கள் நன்கு அறிவர். கொப்பி கையில் இருந்தால் வவுனியாவானாலும் மன்னாரானாலும் அங்குள்ள வைத்தியர் அடுத்த நாளே சிகிச்சையைத் தொடர முடியும். ஊருக்குப் போய் வருபவர்கள் போகும் நாட்களுக்கும், மேலதிகமாக ஒரு வாரத்துக்கும் குளிசை எடுத்துச் செல்ல வேண்டும்.

மருந்தின் பெயர்: பெட்டியில் உள்ள கம்பனிப் பெயரைவிட மருந்தின் பொதுப்பெயரை அறிந்து வையுங்கள். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைவதற்கு வழிவகுத்த பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்தியது இதைத்தான். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் தமது குளிசை இல்லையென்று கேட்டுத் திரும்பிவிட்டார்கள். பொதுப்பெயரைக் காட்டி ஒசுசலவில் கேட்டால் அதே மருந்து வேறு பெயரில் மலிவாகக் கிடைக்கக்கூடும். ஒன்றுமே கிடையாவிடில் வைத்தியரிடம் போய் வேறு மருந்து எழுதுவிக்க வேண்டும், சும்மா இருக்கக்கூடாது.

வலிக்குளிசை: நாரி உளைவுக்கும் மூட்டு வலிக்கும் கடையில் வாங்கும் டைக்குளோபெனக், இபுப்புறோபன் போன்றவை அமுக்கத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் தாக்கும். பிறஷர் உள்ளதைச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

அபாய அறிகுறி: முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுதல், நெஞ்சை அமுக்கும் வலி, கடும் மூச்சுத்திணறல். இவற்றில் எது கண்டாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வாயில் தண்ணீரோ குளிசையோ கொடுக்க வேண்டாம். விடியட்டும் என்று பார்த்திருக்கவும் வேண்டாம். அடைத்த நாடியைத் திறக்கும் மருந்துக்குச் சில மணித்தியாலங்களே அவகாசம் உண்டு.

இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளின் கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 2020 இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் வீடு வீடாகச் சென்று அளந்து, உப்பைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு வருடத்தில் அக்கிராமத்தவரின் மேலெண் மற்றக் கிராமத்தவரைவிட ஏறத்தாழ 5 அதிகமாக இறங்கியது. அயலவர் ஒருவர் தவறாமல் வந்து விசாரிப்பதால் எவ்வளவு நன்மை என்பதை இதிலிருந்து காணலாம். ஒரே மாடியில், ஒரே ஒழுங்கையில் வாழும் எமது குடும்பங்களும் ஒருவரையொருவர் "இண்டைக்குக் குளிசை போட்டாச்சோ?" என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்கலாம். ஊருக்குத் திரும்பும் நாளில் தன் காணியைக் கொத்த இரண்டு கைகளும் வேலை செய்ய வேண்டும்.

குழுவாகச் சிந்திக்க:

1. எமது குழுவில் 35 வயதுக்கு மேற்பட்டோரில் எத்தனை பேர் இந்த வருடம் அமுக்கம் அளந்தார்கள்? அளக்காதவர்களை யார், எந்த நாளில் கூட்டிச் செல்வது?

2. ஒரு வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிராம் உப்பு வாங்குகிறோம்? அதை ஆட்களாலும் நாட்களாலும் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது? கருவாட்டிலும் பாணிலும் வருவது இதற்கு மேலதிகம்.

3. குளிசையை இடையில் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? காசு, மொழி, கிளினிக் வரிசை, மறதி, பயம் ஆகியவற்றில் எதை நாமாகவே சேர்ந்து தீர்க்கலாம்?